கர்ப்பிணிகளின் சோகைக்கு மருந்து கண்ட லூசி வில்ஸ்

தாம்பரத்தில் இருந்து முடிச்சூர் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிற சாலையில் மணிமங்கலம் இருக்கிறது.

பழைய ஊர். பல்லவ மன்னன் நரசிம்மவர்மன், சாளுக்கிய மன்னன் புலிகேசியை முறியடித்தது இந்த மணிமங்கலத்தில்தான். அது நடந்தது 7-ம் நூற்றாண்டில். ஊருக்குப் பெரிய ஏரி உண்டு. ஏரித் தண்ணீரில் நெல் விளைந்தது.

இன்று சுற்றிலும் தொழிற்சாலைகள். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் விடியும் முன்பே ஓடுகின்றன. அந்த பஸ்களில் இளம்பெண்கள் நிறையப் பேர். வெளியூரில் இருந்து வந்து, அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறவர்களும் அவர்களில் உண்டு. காலையில் ஒரு டீ, இரண்டு பிஸ்கட். அதோடு பஸ் ஏறி விடுகிறவர்களும் உண்டு.

இப்படிப்பட்ட பெண் கல்யாணம் ஆகி, கர்ப்பம் தரித்தால், அரசாங்கத்தின் கிராம சுகாதார செவிலியர் ஒரு மாத்திரை அட்டை கொடுப்பார். சிவப்பு மாத்திரை. இரும்புச் சத்து மாத்திரை என்றுதான் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். அதில் இரும்பு மட்டும் இல்லை. ஃபோலிக் அமிலம் என்ற இன்னொரு சத்தும் இருக்கிறது.

அந்த இன்னொரு சத்துக்கு ஒரு கதை உண்டு. அதைத் தேடி இங்கிலாந்தில் இருந்து ஒரு பெண் டாக்டர் வந்தார். பம்பாயில் துணி ஆலைத் தொழிலாளிப் பெண்களிடையே தேடினார். குன்னூர் மலையில் தேடினார். நம் சென்னைத் திருவல்லிக்கேணியிலும் தேடினார்.

அவர் பெயர் லூசி வில்ஸ்.

அரிவாள் செய்யும் குடும்பம்

லூசி வில்ஸ் 1888-ம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி பிறந்தார். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டு அவர் பிறந்த ஊர்.

அவர் தகப்பனாரின் குடும்பத்துக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. அதில் கதிர் அரிவாளும், புல் அறுக்கும் நீண்ட அரிவாளும் செய்தார்கள். நல்ல வருமானம். தாயாரின் தகப்பனார் ஊர் அறிந்த டாக்டர். வீட்டில் பணத்துக்கும் குறைவு இல்லை. படிப்புக்கும் குறைவு இல்லை.

லூசி கேம்பிரிட்ஜில் பெண்களுக்கான நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்தார். செடி கொடிகளைப் பற்றிய படிப்பு, மண்ணையும் பாறையையும் பற்றிய படிப்பு. 1911-ல் பரீட்சையில் தேறினார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை பெண்களைப் பரீட்சை எழுத விடும். பட்டம் மட்டும் கொடுக்காது! 1948-ல்தான் அந்த வழக்கம் மாறியது.

அதே 1911-ல் தகப்பனார் இறந்து போனார். 1913-ல் அக்கா எடித் இறந்தார். அக்காவுக்கு அப்போது வயது 26.

துக்கத்தில் இருந்த தாயாரை அழைத்துக்கொண்டு லூசி இலங்கைக்கு வந்தார். அங்கே உறவினர்கள் இருந்தார்கள். பிறகு தென் ஆப்பிரிக்காவுக்குப் போனார். அவர் அங்கே இருந்தபோது, 1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. கேப் டவுன் ஆஸ்பத்திரி ஒன்றில் சம்பளம் வாங்காமல் நர்சு வேலை பார்த்தார். ஊர் திரும்பியதும், 1915-ல், லண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார்.

அந்தப் பள்ளிக்கும் இந்தியாவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பின்னாளில் பம்பாயில் பேர் பெற்ற பிரசவ டாக்டராக விளங்கிய ஜெருஷா ஜிராத் அங்கே படித்தவர்தான்.

1920-ல் லூசி டாக்டர் ஆனார். அப்போது அவருக்கு வயது 32. ஆனால் நோயாளிகளைப் பார்த்துப் பணம் வாங்கும் தொழிலுக்கு அவர் போகவில்லை. ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில், ரத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்கும் அறையில் அமர்ந்து விட்டார்.

பம்பாயில் இருந்து அழைப்பு

அந்த நாளில் இந்தியாவில் பிரசவத்தில் ஏராளமான தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். காரணம் என்ன என்று கண்டுபிடிக்க ஒரு விசாரணை தொடங்கியது. டாக்டர் மார்கரெட் பால்ஃபர் என்ற அம்மையார் அதில் முன் நின்றார். அவர் கூப்பிட்டார், லூசி வில்ஸ் வந்தார். 1928-ல் பம்பாய் ஹாப்கின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை தொடங்கியது.

அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வியாதி பயங்கரமானது.

கர்ப்பிணியின் முகம் வெளுக்கும். நாக்கு புண்ணாகும். கால் வீங்கும். நாலு படி ஏறினால் மூச்சு இரைக்கும். பிரசவ நேரம் நெருங்க நெருங்க ரத்தம் தண்ணீராகிக் கொண்டே போகும். குழந்தை எடை குறைந்து பிறக்கும். தாய்க்கு இல்லாத ரத்தம் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? பல தாய்மார் பிரசவத்தின்போதோ, அதற்குச் சில நாட்கள் முன்பின்னாகவோ இறந்து போனார்கள்.

நம் ஊர்களில் அப்போது இதற்குச் சொன்ன காரணங்களுக்குக் கணக்கு இல்லை. காற்று கருப்பு என்பார்கள். கண்ணேறு என்பார்கள். தலையெழுத்து என்பார்கள். டாக்டர்கள் மட்டும் என்ன, தெளிவாகவா இருந்தார்கள்? கிருமியாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். இருட்டு வீட்டில் அடைந்து கிடப்பதால் வருமோ என்று இன்னொரு சந்தேகம்.

அடுப்பில் என்ன இருக்கிறது?

லூசி வில்ஸ் மைக்ரோஸ்கோப்பில் ரத்தத்தைப் பார்த்தார். சிவப்பு அணுக்கள் குறைவாக இருந்தன. இருந்தவையோ வழக்கத்தை விடப் பெரிதாக ஊதி இருந்தன. இரும்புச் சத்துக் குறைவால் வரும் சோகையில் அணுக்கள் சிறுத்துப் போகும். இது வேறு வகை என்று தெரிந்தது.

டாக்டர் மேத்தா, டாக்டர் தல்பாடே என்ற இந்திய டாக்டர்கள் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். தல்பாடேயும் லூசியும் பம்பாய்ப் பெண்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். பணக்கார வீடு, ஏழை வீடு, இந்து வீடு, முஸ்லிம் வீடு என்று பிரித்துப் பார்த்தார்கள்.

கணக்கு ஒன்றைக் காட்டியது. யாருடைய சாப்பாடு மோசமோ, அவர்களைத்தான் வியாதி பிடித்தது. பம்பாயில் ஏழை முஸ்லிம் பெண்கள் சாப்பாடு எல்லோரையும் விட மோசம். அவர்களிடம்தான் சோகையும் அதிகம். கீரை இல்லை, பழம் இல்லை, பாலும் இறைச்சியும் எப்போதோ ஒரு நாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்கள் பட்டினி கிடக்கவில்லை. வயிறு நிரம்பத்தான் செய்தது. எது நிரப்பியது என்பதில்தான் விஷயம் இருந்தது. நம் வீடுகளில் இன்றும் பாருங்கள். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிய பிறகு, சட்டியில் மிஞ்சிய குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறவள் யார்? காய் தீர்ந்திருக்கும். சோறு மட்டும் இருக்கும்.

ஈரலும் பலிக்கவில்லை

1926-ல் அமெரிக்காவில் மினாட், மர்ஃபி என்ற டாக்டர்கள் ஓர் அதிசயம் செய்திருந்தார்கள். சாகக் கிடந்த சோகை நோயாளிகளுக்குத் தினமும் ஈரல் கொடுத்து எழுப்பி உட்கார வைத்தார்கள். அதற்காக 1934-ல் நோபல் பரிசும் பெற்றார்கள்.

பம்பாய்க் கர்ப்பிணிகளுக்கும் ஈரல் சாறு கொடுக்கப்பட்டது. அப்படியே பிழிந்த சாறு கொடுத்தால் குணம் தெரிந்தது. சுத்தம் செய்து வடிகட்டிய சாறு கொடுத்தால் குணம் தெரியவில்லை! அமெரிக்க நோயாளிகளை எழுப்பிய அதே சுத்த மருந்து, பம்பாய்ப் பெண்களை எழுப்பவில்லை.

லூசி வில்ஸ் யோசித்தார். வடிகட்டும்போது ஏதோ ஒன்று வெளியே போய்விடுகிறது. அந்த ஏதோ ஒன்றுதான் இந்தப் பெண்களுக்கு வேண்டும். அது என்ன?

1929-ல் குன்னூருக்குப் போனார். அங்கே பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசன் சாப்பாட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடுவதை எலிகளுக்குக் கொடுத்து, எந்த எலி கொழுக்கிறது என்று பார்த்தவர் அவர். பஞ்சாபிச் சாப்பாடு தின்ற எலிகள் கொழுத்தன. சென்னை மாகாணச் சாப்பாடு தின்ற எலிகள் கடைசி! நமக்குப் பெருமை தரும் செய்தி அல்ல, ஆனாலும் நடந்தது.

லூசியும் எலிகளை வைத்தார். பம்பாய் ஏழைப் பெண் சாப்பிடுவதைப் போலவே அவற்றுக்கும் தீனி போட்டார். சினையான எலிகளுக்குச் சோகை வந்தது. ஈஸ்ட் சேர்த்துக் கொடுத்தால் வரவில்லை. ஈஸ்ட் என்றால் மாவைப் புளிக்க வைக்கும் நுரைப்பொருள். ரொட்டிக் கடைக்காரர்கள் மாவில் சேர்ப்பது அதுதான்.

ஆராய்ச்சி முடிந்தது என்று நினைத்த நேரத்தில் பேன் வந்து கெடுத்தது. ஆம், எலிப் பேன்! பேன் பரப்பிய ஒரு கிருமியும் எலிகளுக்குச் சோகையை உண்டாக்கியது. எது சாப்பாட்டால் வந்தது, எது பேனால் வந்தது என்று பிரிக்க முடியவில்லை. பட்ட பாடு வீணாகி விடுமோ என்ற நிலை.

குரங்கு பிழைத்தது!

பிறகு குரங்குகளுக்கு அதே தீனி கொடுத்துப் பார்த்தார். குரங்குகளுக்கும் சோகை வந்தது.

அதில் ஒரு குரங்கு சாகும் நிலைக்கு வந்து விட்டது. வேறு வழி தெரியாமல், கைக்குக் கிடைத்த மார்மைட்டை அதற்குக் கொடுத்தார் என்று சொல்வார்கள். குரங்கு பிழைத்துக்கொண்டது.

மார்மைட் என்பது மருந்து அல்ல. பீர் காய்ச்சும்போது மிஞ்சும் ஈஸ்டில் இருந்து எடுக்கும் கறுப்புக் களி. உப்புக் கரிக்கும். இங்கிலாந்தில் அதை ரொட்டியில் தடவித் தின்பார்கள். 1902-ம் ஆண்டு முதல் கடையில் விற்கிற பண்டம்.

லூசி வில்ஸ் அதைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார். சில நாட்களில் ரத்தத்தில் புது அணுக்கள் தோன்றின. பசி எடுத்தது. வெளுத்த நாக்கு சிவந்தது. படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்தார்கள்.

ஈரல் விலை அதிகம். சைவம் சாப்பிடும் பெண்கள் அதைத் தொடவும் மாட்டார்கள். இதற்கு இரண்டு தொல்லையும் இல்லை. 1931-ல் லூசி வில்ஸ் தன் முடிவை இங்கிலாந்தின் மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் சென்னையில்தான் இருந்தார். திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். இன்று கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று பெயர் மாறி இருந்தாலும், பழைய ஆட்கள் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். ஆண் டாக்டரிடம் போகக் கூச்சப்பட்ட பெண்களுக்காக 1885-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. உங்களில் சிலரின் பாட்டியோ, கொள்ளுப்பாட்டியோ அங்கே பிள்ளை பெற்றிருக்கலாம்.

மார்மைட் இலங்கைக்கும் போனது. 1934, 1935-ல் அங்கே மலேரியா சூறையாடியபோது, மெலிந்து கிடந்தவர்களுக்குச் சூரியமல் இயக்கத் தொண்டர்கள் அதைக் கொடுத்தார்கள்.

கீரையில் இருந்து வந்தது

மார்மைட்டில் இருந்த சத்து எது என்று லூசிக்குத் தெரியாது. மற்ற டாக்டர்கள் அதற்கு வில்ஸ் சத்து என்று பெயர் வைத்தார்கள்.

1941-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் 4 டன் பசலைக் கீரை வகையை அரைத்துச் சாறு எடுத்தார்கள். அதில் ஒரு சிட்டிகை சத்து கிடைத்தது. லத்தீன் மொழியில் இலைக்கு ஃபோலியம் என்று பெயர். இலையில் கிடைத்ததால் ஃபோலிக் அமிலம் என்று அழைத்தார்கள். லூசி வில்ஸ் தேடியது இந்தச் சத்தைத்தான்.

கீரையை மூட்டை மூட்டையாக அரைத்து எத்தனை பேருக்குக் கொடுக்க முடியும்? தொழிற்சாலையில் செய்ய வேண்டும். அதைச் செய்து காட்டியது எல்லப்பிரகட சுப்பாராவ் தலைமையில் நடந்த ஆராய்ச்சிக் குழு. ஆந்திராவில் பீமவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். வெப்ப நாடுகளில் வரும் கழிச்சல் நோய்க்கு உடன்பிறந்தவரைப் பறிகொடுத்தவர். அமெரிக்காவுக்குப் போய் லெடர்லி மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சித் தலைவர் ஆனார். 1945-ல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தது. உடன்பிறந்தவரைக் கொன்ற அதே கழிச்சல் நோய்க்கும் அது மருந்தானது!

சுப்பாராவ் படித்த பள்ளியும், லூசி வேலை பார்த்த ஆஸ்பத்திரியும் ஒரே திருவல்லிக்கேணியில் இருக்கின்றன. ஆனால் அவர் படித்தது முன்னால். இவர் வந்தது பின்னால்.

ஃபோலிக் அமிலம் உடம்பில் என்ன செய்கிறது? ஓர் அணு இரண்டாகப் பிரிந்தால்தான் புது அணு உண்டாகும். பிரிவதற்கு இந்தச் சத்து வேண்டும். இல்லாவிட்டால் அணு பிரியாமல் ஊதிக்கொண்டே போகும். அன்று மைக்ரோஸ்கோப்பில் லூசி பார்த்தது அதைத்தான். வயிற்றில் பிள்ளை வளரும்போது அணுக்கள் இரவு பகலாகப் பெருகுகின்றன. அதனால்தான் கர்ப்பிணிக்கு இந்தச் சத்து கூடுதலாக வேண்டியிருக்கிறது.

சைக்கிளில் போன டாக்டர்

லூசி வில்ஸ் 1933-ல் லண்டன் திரும்பினார். 1937-ல் மறுபடியும் பம்பாய்க்குப் புறப்பட்டார். இந்தத் தடவை ஆகாய விமானம். தண்ணீரில் இறங்கி ஏறும் விமானம் அது. பல இடங்களில் இறங்கி ஏறி, கராச்சி வந்து சேர்ந்தது. அங்கிருந்து பம்பாய்க்குக் கப்பல்.

இரண்டாம் உலக யுத்தத்தில் அவர் ஆஸ்பத்திரி மீது ஜெர்மானியரின் பறக்கும் குண்டு விழுந்தது. 1944 ஜூலையில் அது நடந்தது. சிலர் மாண்டார்கள். சோதனை அறையில் வேலை சில நாட்கள் தடைப்பட்டது, பிறகு தொடர்ந்தது. யுத்தகாலத்து ரேஷன் சாப்பாட்டால் கர்ப்பிணிகளின் ரத்தம் எப்படி ஆகிறது என்றும், இரும்புச் சத்து கொடுத்தால் என்ன ஆகிறது என்றும் ஆராய்ந்தார்.

1947-ல் வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். ஆனால் ஓயவில்லை. ஜமைக்கா, ஃபிஜி என்று ஊர் ஊராகப் போய்ச் சோகையைப் பற்றி ஆராய்ந்தார். கடைசிக் காலத்தில் லண்டனில் செல்சியா பகுதிக்குத் தொழிற்கட்சி கவுன்சிலர் ஆனார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலை ஏறுவதில் ஆசை. காரில் போகாமல் சைக்கிளில்தான் வேலைக்குப் போவார்.

1964-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 16-ந் தேதி இறந்தார். வயது 75.

பிறகு நடந்தது

அவர் காலமான பிறகு இன்னொன்றும் தெரிய வந்தது. குழந்தையின் முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கும் ஊனம் ஒன்று உண்டு. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால் அந்த ஊனத்தைப் பெருமளவு தடுக்கலாம் என்று 1991-ல் வெளியான பெரிய ஆராய்ச்சி நிரூபித்தது. கரு உண்டான முதல் 28 நாட்களுக்குள் முதுகுத்தண்டு மூடி விடுகிறது. அப்போது பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெரியாது! எனவே பிள்ளைக்கு ஆசைப்படும் பெண், முன்கூட்டியே டாக்டரைக் கேட்டு இந்த மாத்திரையைத் தொடங்குவது நல்லது.

இந்திய அரசாங்கம் 1970-ல் கர்ப்பிணிகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை கொடுக்கத் தொடங்கியது. இன்றைய சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும், அரை மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அரை மில்லிகிராம் என்றால் எவ்வளவு? ஓர் அரிசியை 40 துண்டாக நறுக்கினால், அதில் ஒரு துண்டு.

கர்ப்பமான 4-ம் மாதத்தில் இருந்து 180 நாள். பிள்ளை பிறந்த பிறகு இன்னொரு 180 நாள். காசு கிடையாது. அங்கன்வாடியில் கர்ப்பிணிக்குச் சத்துமாவும் உண்டு.

அப்படி இருந்தும், 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கில், தமிழ்நாட்டில் 100 கர்ப்பிணிகளில் 48 பேருக்குச் சோகை. இந்தியா முழுவதும் பார்த்தால் 52 பேருக்கு. எல்லாம் லூசி வில்ஸ் கண்ட வகைச் சோகை அல்ல. இரும்புக் குறைவு, பி12 குறைவு, குடற்புழு என்று பல காரணங்கள் உண்டு.

மாத்திரை வீட்டுக்கு வருகிறது. வாய்க்குப் போகிறதா? குமட்டுகிறது என்று அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிடுகிறவர்கள் உண்டு. மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. கறுப்பாகப் போவது இரும்பினால்தான், பயப்பட வேண்டாம். குமட்டினால், இரவு சாப்பிட்ட பிறகு மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுக்கலாம்.

டீயோடும் காப்பியோடும் விழுங்கக் கூடாது. அவை இரும்பை உடம்பில் சேர விடாது. எலுமிச்சைச் சாறோ, நெல்லிக்காயோ, கொய்யாவோ சேர்ந்தால் நன்றாகச் சேரும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதையும் ஒரே வேளையில் போட வேண்டாம். ஒன்று பகலில், ஒன்று இரவில்.

முருங்கைக் கீரை, அரைக்கீரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை எல்லாவற்றிலும் ஃபோலிக் சத்து இருக்கிறது. கீரையை வெகு நேரம் கொதிக்க வைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் பாதிச் சத்து அந்தத் தண்ணீரோடு போய்விடும். கொஞ்சம் தண்ணீரில், மூடி வைத்து, வெந்தவுடன் இறக்கிவிட வேண்டும். இறக்கியதும், வீட்டில் கர்ப்பிணி இருந்தால், அவள் தட்டில் முதலில் ஒரு கரண்டி வைத்துவிட்டு, மற்றவர்களுக்குப் பரிமாறலாம்.